மயங்கி விழுகிற வேலை

“ஆஸ்பத்திரிக்காரங்க செருப்பை மாத்திக் குடுத்துட்டாங்க மாமா,” என்று சொல்லிக்கொண்டே மைத்துனர் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பச்சை ரப்பர் செருப்பு ஒன்றும் பழுப்புத் தோல் செருப்பு ஒன்றும் தரையில் விழுந்து ஆளுக்கொரு திசையில் கிடந்தன. “ஒரு மனுஷி செத்துப் போயிருக்கா. அவ செருப்பைக்கூட ஜோடி பார்த்துக் குடுக்கத் துப்பில்ல பாருங்க.”

செத்தவளின் கணவரான டிரைவர் குனிந்து இரண்டையும் எடுத்துச் சுவரோரம் சேர்த்து வைத்தார்.

“ரெண்டும் உங்க அக்காவோடதுதான்,” என்றார். “வேலைக்கு அப்படித்தான் போட்டுக்கிட்டுப் போவா.”

துக்கத்தில் மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று மைத்துனர் ஒரு கணம் பார்த்தார். அவர் வக்கீல் குமாஸ்தா. எதிலும் ஒரு குறையைக் கண்டுபிடித்து மனுவாக்கிவிடுவது அவருக்குத் தொழில். இந்தக் குறை இப்படிக் கைநழுவிப் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

செருப்பு விஷயம் டிரைவருக்கு நன்றாகத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவள் அப்படிக் கிளம்பியபோது அவரே வாசலில் மறித்துச் சிரித்தார். “புள்ளைக்கு மூச்சு நின்னு போச்சுன்னு வீட்டைப் போட்டது போட்டபடி ஓடி வர்றவளுக்கு, செருப்பு ஜோடியாவா கால்ல ஏறும்?” என்று கேட்டுவிட்டு, நைட்டியின் மேல் ஒரு பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்க அப்படியே நடந்து போனாள். பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் மடிப்புக் கலையாத உடுப்போடு போனவள் இப்படிப் போனால் தெரு என்ன நினைக்கும்? நினைத்தது. வாயாலும் சொன்னது.

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் மாடியில் ஒரு பயிற்சி அறை இருக்கிறது. அங்கே கட்டிலில் கிடப்பது பொம்மை. ஆனால் அது மூச்சு விடும், அழும், நீலம் பாரிக்கும், வலிப்பு வந்தால் வெட்டி வெட்டி இழுக்கும். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து அதன் உயிரை ஏற்றுவார், இறக்குவார். அவசர சிகிச்சை பழகும் இளம் டாக்டர்களும் நர்சுகளும் நிஜக் குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் இந்தப் பொம்மையிடம் செய்ய வேண்டிய தப்பையெல்லாம் செய்து தீர்த்துக்கொள்ள வேண்டும். பொம்மையைக் காசு கொடுத்து வாங்கிவிட்டார்கள். அம்மாவுக்கு எங்கே போவது? எந்தக் குழந்தையும் தன்னந்தனியாக ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. அலறுகிற, குறுக்கே விழுகிற, சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்கிற ஓர் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் டாக்டர் ஊசிக்கு நரம்பு தேட வேண்டியிருக்கிறது. அந்த அம்மா வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கவுண்டர் வேலையை விட்டுவிட்டு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவள் போய் நின்றாள். உங்கள் குழந்தை பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறது என்று சொன்னதும் அவள் போட்ட சத்தத்தில் கீழ்த்தளத்திலிருந்து நிஜ டாக்டர்கள் ஓடி வந்துவிட்டார்களாம். அன்றைக்கே வேலை கிடைத்தது.

உறவுக்காரர்கள் அதற்குக் கூலிக்கு அழுகிற வேலை என்று பெயர் வைத்தார்கள். டிரைவரும் சும்மா இருக்கவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையும்போதே, “என்ன ஸ்டார், இன்னிக்கு எத்தனை தடவை மயங்கி விழுந்தே?” என்பார். அவளுக்குக் கோபம் வராது. யார் யார் எப்படிச் செய்தார்கள் என்று கதை ஆரம்பிக்கும். இன்று வந்த பையன் கை நடுங்கினாலும் கண்ணைப் பார்த்துப் பேசினான். அந்தப் பெண் எல்லாம் சரியாகச் செய்தாள், ஆனால் என்னை ஒரு மேஜை நாற்காலி மாதிரி நகர்த்தி வைத்தாள். வயது ஏறியபோது, அம்மாவை விட்டுவிட்டுப் பாட்டியாக நடிக்கலாமே என்று ஆஸ்பத்திரியில் சொல்லிப் பார்த்தார்கள். “பாட்டின்னா வெளியே நிறுத்திடுவாங்க, லேட்டா பொறந்த புள்ளைன்னு வெச்சுக்கோங்க” என்று அவள் மறுத்துவிட்டாள். மயங்கி விழுவதற்குக்கூட வீட்டில் மெத்தையைப் போட்டுப் பழகினாள். டிரைவர்தான் பக்கத்தில் நின்று பிடிக்க வேண்டும். பிடிப்பதை விட்டுவிட்டு அவர் சிரிப்பார்.

ஆனால் அந்த அறைக்குள் அவள் நடித்ததை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள்.

நேற்றுக் காலை போனவள் அங்கே பயிற்சியின் நடுவிலேயே விழுந்தாள். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. டிரைவருக்குப் போன் வந்தபோது அவர் சலூனில் ஒரு பக்கம் சவரம் முடிந்து மறுபக்கத்துக்கு நுரையோடு உட்கார்ந்திருந்தார். அப்படியே ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்னும் ஒரு கன்னத்தில் தாடி இருக்கிறது. யாரும் அதைச் சொல்லவில்லை.

உடலைக் கொண்டுவந்த வண்டிக்காரர் போகிற போக்கில் மைத்துனரிடம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் விழுந்ததை நடிப்பு என்று நினைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட்டார்களாம். அந்தச் செய்தி வீட்டுக்குள் நுழைந்த பிறகு அழுகையின் சுருதியே மாறிவிட்டது. சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்களாம் என்று ஒருத்தி சொன்னாள். கை தட்டினார்களாம் என்று இன்னொருத்தி சொல்லுமளவுக்கு விஷயம் வளர்ந்தது. மைத்துனர் போனில் புகாருக்கு வாசகம் தயார் செய்துகொண்டிருந்தார்.

டிரைவருக்குப் புகாரும் வேண்டியிருக்கவில்லை, நஷ்ட ஈடும் வேண்டியிருக்கவில்லை. அவருக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அத்தனை பேர் நிறைந்த அறையில், கட்டிலில் கிடக்கிற பொம்மையை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, இவள் கீழே தரையில் துணைக்கு ஒருவர் இல்லாமல் செத்தாளா? இரவெல்லாம் அது அவரைத் தூங்கவிடவில்லை. மகளிடம்கூட அவர் அதைச் சொல்லவில்லை. மகள் தலைமாட்டில் அம்மாவின் நெற்றியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பத்து மணி வாக்கில் பெரிய டாக்டர் வந்தார். அவசர சிகிச்சைப் பிரிவின் தலைவர். பின்னால் நாலைந்து நர்சுகள். மாலையை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அழுகை சட்டென்று நின்றது. நினைத்தால் நிறுத்திவிடக்கூடிய அழுகைதான் அது. அவள் இருந்திருந்தால் பாதிப் பேரைத் திரும்பச் செய்யச் சொல்லியிருப்பாள்.

பெரிய டாக்டர் பேச ஆரம்பித்தார். முன்பெல்லாம் ஒரு குழந்தையை உயிருக்குப் போராடும் நிலையில் கொண்டுவந்தால் முதலில் செய்கிற காரியம் அப்பா அம்மாவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவதுதான் என்றார். பெற்றவர்கள் பக்கத்தில் இருந்தால் டாக்டருக்குக் கை ஓடாது என்று எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன் என்றார். அதை ஆராய்ந்து பார்க்கலாம் என்று ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். அதே டாக்டர்கள், அதே பொம்மை, அதே நோய். பாதித் தடவை அம்மா வெளியே, பாதித் தடவை அம்மா உள்ளே. வருஷக்கணக்கில் நடந்தது. உள்ளே இருந்த அம்மா எப்போதும் இவள்தான். முடிவில் பார்த்தால் அம்மா உள்ளே இருந்ததால் மருந்து போய்ச் சேருவது தாமதமாகவே இல்லை. அம்மாவிடமிருந்து கிடைக்க வேண்டிய தகவல் மட்டும் சீக்கிரமாகக் கிடைத்தது.

“இப்ப எங்க ஆஸ்பத்திரியில எந்த அப்பா அம்மாவையும் வெளிய போங்கன்னு சொல்றதில்ல,” என்றார் பெரிய டாக்டர். “அவங்க பக்கத்துல நிக்கறதுக்குன்னே ஒரு நர்சு. நடக்கறதை ஒண்ணொண்ணா அவங்களுக்குச் சொல்லணும். அதை எங்களுக்குப் பழக்கினது இவங்க.”

டிரைவருக்கு மார்பு விம்மியது. பெருமை என்றுதான் அதற்குப் பெயர். இத்தனை நாள் கூலிக்கு அழுகிற வேலை என்று சொன்னவர்களெல்லாம் அறையில் இருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஆய்வு என்ற வார்த்தையை அவள் வீட்டில் சொன்னதுண்டு. இவர் அதை அரைக் காதில் வாங்கியிருக்கிறார். இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துகொண்டா இவள் சாயங்காலம் வந்து காலுக்குத் தைலம் தேய்க்கச் சொன்னாள்?

மைத்துனர் விடுகிற ஆளா? இதெல்லாம் சரி, எங்கள் அக்கா விழுந்து கிடந்தபோது நீங்கள் எல்லோரும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். பெரிய டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். விசாரணை நடக்கும், எதையும் மறைக்காமல் எழுத்தில் தருவோம் என்றார். நல்ல மனிதர், உண்மையைத்தான் சொன்னார். ஆனாலும் அது ஆஸ்பத்திரி பேசுகிற பேச்சு.

“எழுத்து எல்லாம் அப்புறம் வரட்டும்,” என்றார் டிரைவர். “அங்க நின்ன யாராவது ஒருத்தர் எங்கிட்ட வாயால சொல்லட்டும்.”

நர்சுகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே அவர்கள் வந்த வேனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நிற்பதாகவும், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, உள்ளே வரமாட்டேன் என்கிறாள் என்றும் ஒரு நர்சு மெதுவாகச் சொன்னாள். நேற்றைய பயிற்சியை நடத்திய இளம் டாக்டர் அவள்தான்.

டிரைவரே எழுந்து வாசலுக்குப் போனார். கண்கள் வீங்கிய, மகளைவிடச் சின்ன வயதுப் பெண். இவரைக் கண்டதும் ஓர் அடி பின்னால் வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்குப் பின்னால் நடந்து வந்தாள்.

வீட்டுக்குள் வந்து அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் நிற்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். போனை எடுத்து அணைத்துப் பைக்குள் வைத்தாள்.

“உங்ககிட்ட இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்காங்க, அப்பா?” என்று கேட்டாள்.

டிரைவருக்கு இது கேட்டுப் பழகிய பாடம். நின்றபடி சொல்லாதே, உட்கார். போனை அணை. அவர்களுக்கு என்ன தெரியும் என்று முதலில் கேள். கெட்ட செய்தியைச் சொல்லும் பயிற்சி நடந்த நாட்களிலெல்லாம் சாயங்காலம் இதைத்தான் அவள் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் படுத்திருக்கிற அறையிலேயே, அவளுக்காகவே, ஒரு பெண் அதை அப்படியே செய்கிறாள்.

“நடிக்கிறான்னு நெனச்சு விட்டுட்டாங்கன்னு சொல்றாங்க,” என்றார்.

“ஆமாம்,” என்றாள் அவள். “அது உண்மை. ஒரு நிமிஷம் இருக்கும். கொஞ்சம் கூடவும் இருக்கலாம்.”

அறையில் ஒரு சலசலப்பு எழுந்தது. மைத்துனர் வாயைத் திறந்தார். டிரைவர் கையை உயர்த்தினார்.

அவள் சொல்லச் சொல்ல, அத்தனை வருஷம் பார்க்கக் கிடைக்காத அந்த அறை அவர் கண்முன் வந்தது. கட்டிலில் நாலு வயதுப் பொம்மை வலிப்பில் இழுத்துக்கொண்டிருந்தது. இரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருப்பதைக் கண்டுபிடித்து ஏற்றினார்கள். வலிப்பு நின்றது. திரும்பவும் வந்தது. மறுபடி ஏற்றினார்கள். மறுபடி இறங்கியது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. அதற்கான பதில் கட்டிலில் இல்லை, அம்மாவிடம்தான் இருந்தது. அவளிடம் யாராவது கேட்டால்தான் சொல்வாள், கேட்காவிட்டால் கதறிக்கொண்டே இருப்பாள். அப்படித்தான் அந்தப் பயிற்சியை அமைத்திருந்தார்கள். பல பேர் கேட்கத் தவறிப் பொம்மையைப் பறிகொடுத்திருக்கிறார்கள். இந்தப் பெண் கேட்டாள். வீட்டில் யாராவது மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேட்டாள். தாத்தாவின் சர்க்கரை மாத்திரை டப்பா கீழே கொட்டிக் கிடந்தது என்று அம்மா சொன்னாள். எல்லோரும் கட்டில் பக்கம் திரும்பினார்கள். அப்போதுதான் அம்மாவாக நின்றவள் விழுந்தாள்.

“அம்மா மயங்கி விழறது எங்களுக்குப் புதுசு இல்ல,” என்றாள் இளம் டாக்டர். “நர்சு குனிஞ்சு பிடிக்கப் போனாங்க. அம்மா அவங்க கையைத் தள்ளிவிட்டுட்டுக் கட்டிலைக் காட்டினாங்க. நானும் பார்த்தேன். நல்லா நடிக்கிறாங்கன்னுதான் நெனச்சேன். பொம்மைக்கு மாத்து மருந்து போடச் சொல்லிட்டு நான் அங்கயே நின்னுட்டேன். நர்சு மறுபடி கையைப் பிடிச்சாங்க. கை சில்லுன்னு வேர்த்திருந்துச்சு. வேர்வையை யாராலயும் நடிக்க முடியாது. அப்பதான் கத்தினாங்க.”

அதற்குப் பிறகு நடந்ததையும் சொன்னாள். பொம்மைக்காக எடுத்து வைத்திருந்ததையெல்லாம் தள்ளிவிட்டு, தரையிலேயே மார்பை அழுத்தினார்கள். மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். ஆள் மாற்றி ஆள் அழுத்தினார்கள். இத்தனை வருஷம் அவள் முன்னால் பழகியவர்கள் கீழே இருந்து படியேறி ஓடி வந்தார்கள். இதயத் துடிப்பு திரும்பவில்லை. “நேத்து மத்தியானம் எங்க முன்னாடியே இறந்துட்டாங்க,” என்று, சுற்றி வளைக்காமல், அந்த வார்த்தையையே சொன்னாள். அதன் பிறகு இடைவெளியை நிரப்புவதற்காக ஒரு வார்த்தை அதிகம் சொல்லவில்லை.

மைத்துனர்தான் கேட்டார். குரலில் காலையில் இருந்த காரம் இல்லை. “அந்த ஒரு நிமிஷம் முன்னாடியே பார்த்திருந்தா எங்க அக்கா பொழச்சிருப்பாளா?”

“தெரியலை,” என்றாள். “பொழச்சிருக்கலாம். பொழைக்காமயும் போயிருக்கலாம். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி நான் சொல்ல மாட்டேன்.”

டிரைவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“கையைத் தள்ளிவிட்டாளா?” என்றார்.

“ஆமாம் அப்பா.”

“எப்படி? இப்படியா?” புறங்கையால் காற்றை ஒதுக்கிக் காட்டினார்.

அவள் தலையசைத்தாள்.

“அது நடிப்பில்லம்மா. காய்ச்சல்னு நெத்தியைத் தொடப் போனா எனக்கும் அந்தத் தள்ளுதான். முப்பது வருஷம் கூட இருந்த நானே பக்கத்துல நின்னிருந்தாலும், சரி போ கழுதைன்னு விட்டிருப்பேன்.” சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அழுகையாக மாறியது. அதை அடக்க அவர் முயலவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். “டாக்டருங்க அத்தனை பேரையும் ஏமாத்தியிருக்கா. யாரால முடியும்? சொல்லுங்க. யாரால முடியும்?”

தெரு முனை வரைக்கும் கேட்கும்படி அழுதுகொண்டிருந்த உறவுக்காரிகூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, படுத்திருந்தவளையே பார்த்தாள்.

டிரைவருக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்பதற்கு அவருக்குக் கொஞ்சம் தைரியம் தேவைப்பட்டது.

“மார்பை அழுத்தறப்ப அவ பக்கத்துல யாராவது இருந்தாங்களா? அந்த நர்சு மாதிரி. ஒண்ணொண்ணா சொல்றதுக்கு.”

“நான் இருந்தேன்,” என்றாள். “தலைமாட்டுல மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே இருந்தேன். அம்மா, இப்ப மார்பை அழுத்தறோம். அம்மா, இப்ப ஊசி போடறோம். அப்பாவுக்குச் சொல்லியாச்சு, வந்துக்கிட்டிருக்காரு. அவங்களுக்குக் கேட்டுதான்னு தெரியாது. ஆனா கடைசி வரைக்கும் நான் கையை விடல.”

டிரைவர் மகளைப் பார்த்தார். மகள் அம்மாவின் நெற்றியிலிருந்து கையை எடுத்து, கால் பக்கமாக நகர்ந்து, தலைமாட்டில் ஒருவர் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டாள்.

“இங்க வந்து உட்காரும்மா,” என்றார் டிரைவர்.

அவள் தயங்கினாள். பெரிய டாக்டர் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டார். போய் உட்கார்ந்தாள். போர்வைக்குள்ளிருந்த கையைத் தேடி எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாத அழுகை. மகள் அவள் தோளில் கையைப் போட்டாள்.

உடலை எடுத்துப்போக வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். மைத்துனர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, நாற்காலிகளை மடக்கி ஓரமாக அடுக்கத் தொடங்கினார். டிரைவர் முக்காலியில் உட்கார்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஏதோ விட்டுப் போனது போல நிமிர்ந்தார்.

“அந்தப் புள்ளை என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

எந்தப் பிள்ளை என்று பின்னால் ஒரு குரல் மெதுவாகக் கேட்டது. இளம் டாக்டருக்கு மட்டும் புரிந்தது. அது பொம்மைதானே என்று அவள் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள்.

“அந்த ஒரு நிமிஷத்துல மாத்து மருந்து உள்ள போயிடுச்சு,” என்றாள். “மாத்திரை விஷயத்தை அம்மா சொன்னதாலதான். வலிப்பு நின்னுடுச்சு. சர்க்கரை அப்புறம் இறங்கவே இல்ல. நாங்க அம்மாவைத் தூக்கிட்டு வெளிய வர்றப்பவும் அது மூச்சு விட்டுக்கிட்டுதான் இருந்துச்சு. பொழச்சுக்கிச்சு, அப்பா.”

டிரைவர் தலையை ஆட்டினார். மைத்துனர் பக்கம் திரும்பினார்.

“பொழச்சுக்கிச்சாம்,” என்றார்.

மைத்துனர் கையில் மடக்கிய நாற்காலியோடு நின்றார். “சரி மாமா,” என்றார். வாசலில் புதிதாக வந்த இரண்டு பேர் என்ன பேச்சு என்று விசாரித்தார்கள் போலிருக்கிறது. அவர் அவர்களிடம் போய், குரலைத் தாழ்த்தி, குழந்தை பிழைத்துக்கொண்டது என்று சொல்லிக்கொண்டிருப்பது உள்ளே கேட்டது.